சான் ஃபிரான்சிஸ்கோ குழாயில் வருவது எந்த மலைத் தண்ணீர்?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இங்கே எல்லோரும் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறார்கள். எங்கேயோ மலை மேல் இருக்கும் ஏரித் தண்ணீராம். வடிகட்டுவதும் இல்லை, மோட்டார் போட்டு இறைப்பதும் இல்லை என்கிறாள் மகள். அதே தண்ணீரில் கரண்ட்டும் எடுக்கிறார்களாம். ஒரே தண்ணீரை வைத்து எப்படி இரண்டு வேலை? அந்த ஏரியையே காலி செய்ய வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்கிறதாமே, அது ஏன்?”

மகள் சொன்னது பெரும்பாலும் சரி. இரண்டு இடத்தில் மட்டும் சின்னத் திருத்தம் உண்டு, போகிற போக்கில் சொல்கிறேன். நான் இந்த வட்டாரத்தில் குழாய்ப் பாதை வடிவமைக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். இந்த ஏரி விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். நீங்களாகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

ஏரியின் பெயர் ஹெட்ச் ஹெட்சி. அங்கே வாழ்ந்த மிவோக் மக்களின் மொழியில், தின்னக்கூடிய விதை தரும் ஒரு புல்லின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். நகரத்துக்குக் கிழக்கே, சியரா நெவாடா மலையில், யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு உள்ளேயே இருக்கிறது. துவாலமி என்ற ஆற்றின் குறுக்கே கட்டிய அணை அது. 1919-ல் கட்ட ஆரம்பித்து 1923-ல் முடித்தார்கள். 1938-ல் இன்னும் 85 அடி உயர்த்தினார்கள். இப்போது அஸ்திவாரத்திலிருந்து 430 அடி. கொள்ளளவு நம் ஊர்க் கணக்கில் 15.7 டி.எம்.சி. மேட்டூர் நிரம்பி நிற்கும்போது இருக்கும் தண்ணீரில் ஆறில் ஒரு பங்கு. ஆக, அளவில் பிரமாதமான அணை இல்லை.

அது இருக்கும் உயரம்தான் விசேஷம். ஏரி நிரம்பினால் நீர்மட்டம் கடலிலிருந்து சுமார் 3,800 அடி உயரத்தில் நிற்கும். நகரமோ கடலோரத்தில். நடுவில் 270 கிலோமீட்டர் தூரம். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும், மோட்டார் இல்லாதது, கரண்ட் எடுப்பது, தண்ணீர் சுத்தமாக இருப்பது என்று எதை எடுத்தாலும், காரணம் அந்த உயரத்தில் போய் முடியும்.

முதலில் மோட்டார். ஏரியிலிருந்து தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கங்கள் வழியாக இறங்குகிறது. ஒரு சுரங்கம் மட்டும் 30 கிலோமீட்டர் நீளம். அடிவாரத்தில் இன்னொன்று, 26 கிலோமீட்டர். அப்புறம் சான் வாக்கின் பள்ளத்தாக்கு. பாதாமும் தக்காளியும் விளைகிற, பலகை மாதிரி தட்டையான சமவெளி. அதைக் கடக்க 75 கிலோமீட்டருக்கு மேல் இரும்புக் குழாய். சமவெளி முடிந்ததும் கடலோர மலைத்தொடர் குறுக்கே நிற்கும். அதற்குள் 40 கிலோமீட்டர் சுரங்கம்.

இங்கேதான் பலருக்குச் சந்தேகம் வரும். சமவெளிக்கு இறங்கிய தண்ணீர் மறுபடி மலையோரச் சுரங்க வாயிலுக்கு ஏற வேண்டுமே, மோட்டார் இல்லாமல் எப்படி? நம் ஊர்க் கொத்தனார் மட்டம் பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போன்ற டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தத் தூணிலும் மறு முனையை அந்தத் தூணிலும் பிடிப்பார். நடுவில் டியூப் தரையில் தொங்கி எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதே கதைதான் இங்கேயும். குழாய் மூடியிருக்கும் வரை நடுவில் எவ்வளவு பள்ளம் இருந்தாலும் கவலையில்லை. புறப்படும் இடம் போய்ச் சேரும் இடத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், வழியில் உராய்வுக்குப் போகிற இழப்பையும் அந்த உயரம் தாங்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 40 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டிய காலத்தில் உலகத்திலேயே நீளமானது அதுதான். 1931 ஜூலையில் உள்ளே மீத்தேன் வாயு வெடித்து 12 தொழிலாளர்கள் இறந்து போனார்கள். அந்தச் சுரங்கத்தின் கிழக்கு வாயிலுக்கு டெஸ்லா என்று பெயர். கார் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அந்தப் பக்கம் இருந்த பழைய நிலக்கரிச் சுரங்க ஊரின் பெயர். புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் இதை ஒரு முறை சொல்லியாக வேண்டியிருக்கும்.

முதல் திருத்தம்: நகரம் வரைக்கும்தான் மோட்டார் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ குன்றுகள் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஊர். ஊருக்குள் வந்த பிறகு மேட்டுத் தெருக்களுக்கு மோட்டார் வைத்துத்தான் ஏற்றுகிறார்கள்.

சரி, கரண்ட்டுக்கு வருவோம். ஒரே தண்ணீரில் இரண்டு வேலை எப்படி என்றால், டர்பைன் தண்ணீரைச் செலவழிப்பதில்லை. தண்ணீர் விழுகிற விசையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வரும் தண்ணீர், உள்ளே போன அதே அளவு, அதே சுத்தம்.

வேறொரு பக்கமிருந்தும் இதைப் பார்க்கலாம். எங்களைப் போன்ற குழாய்க்காரர்கள் பார்ப்பது அப்படித்தான். நூற்றுக்கணக்கான அடி உயரத்திலிருந்து மூடிய குழாயில் தண்ணீரை இறக்கினால் அடியில் அழுத்தம் பயங்கரமாக ஏறிவிடும். அந்த அழுத்தத்தோடு அப்படியே ஊருக்கு அனுப்பினால் குழாய் தாங்காது. எங்கேயாவது அதைக் கொன்றாக வேண்டும். வால்வு வைத்துக் கொல்லலாம், தொட்டியில் விழவைத்தும் கொல்லலாம். இரண்டிலும் அந்தச் சக்தி வெறும் சத்தமாகவும் சூடாகவும் வீணாய்ப் போகும். வால்வு இருக்க வேண்டிய இடத்தில் டர்பைனை வைத்தால், எப்படியும் கொன்றாக வேண்டிய அழுத்தம் கரண்ட்டாகிறது. குடிதண்ணீர்ப் பாதையில் மின் நிலையம் இருப்பதை ஏதோ இரட்டைச் சவாரி மாதிரி நினைக்கிறார்கள். உண்மையில் அது சிக்கனம்.

கணக்கு சுலபம். வினாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர், அதாவது ஆயிரம் லிட்டர், 400 மீட்டர் விழுந்தால் இழப்பெல்லாம் போக மூன்றரை மெகாவாட் அளவுக்குக் கிடைக்கும். மாக்கசின் என்ற ஊரில் இருக்கும் மின் நிலையத்தில் கிட்டத்தட்ட அந்த உயரம்தான், சுமார் 1,300 அடி. அங்கே இருப்பது பெல்டன் சக்கரங்கள். விளிம்பு முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகப் பொருத்திய சக்கரம், கிண்ணத்தின் நடுவில் ஒரு வகிடு. குழாயின் மூக்கிலிருந்து பீச்சும் தண்ணீர் அந்த வகிட்டில் அடித்து இரண்டாகப் பிரிந்து, தன் வேகத்தைக் கிண்ணத்திடம் கொடுத்துவிட்டுச் சோர்ந்து போய்க் கீழே கொட்டும். மாக்கசின் நிலையம் முதலில் ஓடியது 1925-ல். நகரத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது 1934-ல். குடிதண்ணீருக்காகக் கட்டிய திட்டம் முதல் ஒன்பது வருடம் கரண்ட் மட்டும்தான் கொடுத்துக்கொண்டிருந்தது!

அதற்கு மேலே கிர்க்வுட் என்று இன்னொரு மின் நிலையம், 1967-லிருந்து ஓடுகிறது. மூன்றாவது ஹோம், 1960-ல் வந்தது. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 380 மெகாவாட். இந்த ஹோம் நிலையம்தான் மூன்றில் பெரியது. ஆனால் அது ஓடுவது பக்கத்தில் இருக்கும் செரி, எலினோர் என்ற வேறு இரண்டு ஏரிகளின் தண்ணீரில். அந்தத் தண்ணீர் வழக்கமாக யாருடைய குழாய்க்கும் வருவதில்லை. ஆக, கரண்ட் முழுக்கவே குடிதண்ணீர் விழுவதால் வருகிறது என்று சொன்னால் அது மிகை.

இரண்டு பயனும் எப்போதும் ஒத்துப்போகும் என்றும் நினைக்க வேண்டாம். கரண்ட் விற்பவனுக்கு, விலை நன்றாக இருக்கும் சாயங்கால நேரத்தில் தண்ணீரைத் திறக்க ஆசை. குடிதண்ணீர் பார்ப்பவனுக்கு, அடுத்த வருடம் பனி பெய்யுமோ பெய்யாதோ என்ற பயத்தில் ஒரு சொட்டுக்கூட விடாமல் பிடித்துவைக்க ஆசை. இந்தத் திட்டத்தில் பஞ்சாயத்து எப்போதோ முடிந்துவிட்டது. தண்ணீர்தான் மூத்த பிள்ளை, அது போகிற வழியில் கிடைக்கிற கரண்ட் போதும் என்பதே விதி. நிமிடக் கணக்கில் ஏற்ற இறக்கம் வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் சின்னத் தேக்கங்களை வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள்.

அந்தக் கரண்ட் யாருக்குப் போகிறது என்பது தனிக் கதை. 1913-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த அணைக்கு அனுமதி கொடுத்த சட்டத்துக்கு ரேக்கர் சட்டம் என்று பெயர். அதன் ஆறாவது பிரிவில் ஒரு நிபந்தனை போட்டார்கள்: இந்தத் தண்ணீரையோ மின்சாரத்தையோ, மறுவிற்பனை செய்யும் எந்தத் தனியாருக்கும் நகரம் விற்கக் கூடாது. பொதுச் சொத்தான பூங்காவை மூழ்கடித்து எடுப்பது மக்களிடம் நேராகப் போக வேண்டும் என்பது எண்ணம். நகரம் என்ன செய்தது? 1925-ல் மின்கம்பியை மலையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, வளைகுடாவைத் தாண்டாமல் கிழக்குக் கரையிலேயே, நியூவர்க் என்ற ஊரில் நிறுத்திக்கொண்டது. அதற்கு மேல் இழுக்கப் பணம் இல்லை. அந்த இடத்தில் பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற தனியார் நிறுவனத்தின் கம்பியோடு இணைத்து, அந்த நிறுவனம் ஊருக்குள் விற்றது. வெறும் முகவர்தான், மறுவிற்பனை இல்லை என்று நகரம் வாதாடிப் பார்த்தது. 1940-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அந்த நிறுவனத்தின் கம்பிகளை நகரமே வாங்கிக்கொள்ளலாம் என்று பல முறை வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் மக்கள் வேண்டாம் என்று தோற்கடித்தார்கள். அதனால் இன்றும் நகரத்தின் பெரும்பாலான வீடுகளில் எரிவது இந்த ஏரியின் கரண்ட் இல்லை. மாநகராட்சிக் கட்டடம், பள்ளிக்கூடங்கள், அரசு மருத்துவமனை, விமான நிலையம், டிராலி பஸ், டிராம் இவற்றுக்கெல்லாம் இந்தக் கரண்ட்தான். மகள் வீட்டுக்கு ஏரித் தண்ணீர் வருகிறது. ஏரிக் கரண்ட் வேண்டுமென்றால் நீங்கள் டிராமில் ஏற வேண்டும்.

இப்போது சுத்தம். ஏரிக்கு மேலே இருக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி 1,190 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட முழுக்கப் பூங்காவுக்குள் இருக்கும் காடும் பாறையும். வயல் இல்லை, மாட்டுத் தொழுவம் இல்லை, ஊர் இல்லை. பாறை கருங்கல் வகை. அதன் மேல் மண் மெல்லிய போர்வையாகத்தான் படிந்திருக்கிறது. பனி உருகி அந்தக் கல்லின் மேல் வழிந்து வரும்போது கரைத்துக்கொள்ள அதற்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. கலங்கல் மிகக் குறைவு. ஆற்று நீர், ஏரி நீர் எதுவானாலும் வடிகட்டித்தான் கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நீர்ப்பிடிப்பைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்து, சோதனை முடிவுகளைத் தொடர்ந்து காட்டுகிற சில ஊர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நியூயார்க், பாஸ்டன், சியாட்டில் அந்தப் பட்டியலில் வரும். சான் ஃபிரான்சிஸ்கோவும் அதில் ஒன்று. போர்ட்லண்டுக்கும் இந்தச் சலுகை இருந்தது. தண்ணீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி தென்பட்டதால் இப்போது அவர்கள் வடிகட்டும் நிலையம் கட்ட வேண்டி வந்துவிட்டது.

வடிகட்டுவதில்லை என்றால் ஒன்றுமே செய்வதில்லை என்று அர்த்தம் இல்லை. டெஸ்லா வாயிலில் 2011-லிருந்து புற ஊதா விளக்கு வெளிச்சத்தில் தண்ணீரை ஓடவிட்டுக் கிருமிகளை முடக்குகிறார்கள். குளோரின் சேர்க்கிறார்கள். பல் நலத்துக்கு ஃபுளோரைடு. இந்தத் தண்ணீர் அளவுக்கு மீறி மென்மையானது, விட்டால் குழாயையே அரிக்கும். அதனால் காரப்பொருள் சேர்த்துப் பி.எச். அளவை 9 பக்கம் ஏற்றுகிறார்கள்.

இரண்டாவது திருத்தம்: குழாயில் வருவது முழுக்க ஹெட்ச் ஹெட்சி இல்லை. சராசரியாக 85 சதவீதம் அது, மீதி உள்ளூர் ஏரிகள். உள்ளூர் ஏரித் தண்ணீரைக் கட்டாயம் வடிகட்டுகிறார்கள். இந்த அமைப்பிலிருந்து குடிப்பவர்கள் சுமார் 27 லட்சம் பேர், அவர்களில் நகரத்துக்கு வெளியே இருப்பவர்கள்தான் அதிகம். ரெட்வுட் சிட்டி, பாலோ ஆல்டோ போன்ற ஊர்களுக்கு இந்த அமைப்புதான் ஆதாரம். சன்னிவேல், ஃப்ரீமான்ட் பக்கம் கலந்து வரும்.

வித்தியாசம் அடுப்பங்கரையில் தெரியும். நாங்கள் முதலில் இருந்தது சான் ஹோசேயில், நிலத்தடி நீர் கலந்து வரும் பகுதி. கெட்டிலில் வெள்ளையாகப் படியும், பருப்பு குக்கரில் ஐந்து விசில் விட்டாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். ரெட்வுட் சிட்டிக்கு வீடு மாறின வாரத்தில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அதே பருப்பு, அதே குக்கர். மூடியைத் திறந்துவிட்டு, “டேய், இது நல்ல தண்ணிடா” என்றார். எங்கள் ஊரில் நல்ல தண்ணி என்றால் பருப்பு மலர்ந்து வேக வேண்டும், சோப்பு நுரைக்க வேண்டும். இரண்டு சோதனையிலும் ஹெட்ச் ஹெட்சி பாஸ். அறிவியல் காரணமும் நேரானதுதான். கடின நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடும். இதில் அது மிகக் குறைவு. ஆனால் அவ்வளவு பாராட்டிவிட்டும் அம்மா தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிச் சொம்பில் ஊற்றி வைத்துத்தான் குடித்தார், அதை மாற்ற என்னால் முடியவில்லை. நீங்கள் தைரியமாக அப்படியே குடிக்கலாம்.

ஒன்றே ஒன்று கவனம். வீட்டில் மீன் தொட்டி இருந்தால் குழாய்த் தண்ணீரை ராத்திரி முழுக்க வாளியில் வைத்து மறுநாள் ஊற்றுகிற பழைய வழக்கம் இங்கே செல்லாது. குளோரின் அப்படிப் பறந்து போகும். இங்கே 2004-லிருந்து குழாயில் இருப்பது குளோரமின், அதாவது குளோரினோடு அம்மோனியா சேர்ந்தது, அது அவ்வளவு சுலபமாகப் போகாது. கடையில் விற்கும் சொட்டு மருந்தைக் கலக்க வேண்டும். தண்ணீர் வேலையே பார்த்துக்கொண்டு இதை மறந்து, பையனின் இரண்டு தங்க மீன்களை நான் அனுப்பிவைத்திருக்கிறேன். அவன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

சுத்தத்துக்கு ஆபத்து வராமலும் இல்லை. 2013 ஆகஸ்டில் ரிம் தீ என்று ஒரு காட்டுத்தீ. இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டு ஏரிக்கு மிக அருகில் வந்துவிட்டது. இரண்டு மின் நிலையங்களை நிறுத்த வேண்டி வந்தது. சாம்பல் ஏரியில் விழுந்து கலங்கிவிட்டால் வடிகட்டும் வசதி இல்லாத ஊர் என்ன செய்யும் என்று மாநில ஆளுநர், 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சேர்த்து அவசர நிலை அறிவித்தார். உள்ளூர் ஏரிகளை அவசரமாக நிரப்பி வைத்தார்கள். கரையோரத்தில் பாறை அதிகம், மரம் குறைவு. தண்ணீர் கலங்காமல் தப்பித்தது.

இனி ஏரியைக் காலி செய்யச் சொல்லும் கூட்டம். அதற்கு 1906-க்குப் போக வேண்டும். அந்த ஏப்ரலில் வந்த பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் நகரத்தைத் தின்றன. அணைக்கத் தண்ணீர் இல்லை. அப்போது நகரத்துக்குத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தது ஸ்பிரிங் வேலி என்ற தனியார் கம்பெனி, அதன் மேல் ஏற்கெனவே மக்களுக்குக் கோபம். “நமக்கென்று சொந்தத் தண்ணீர் வேண்டும்” என்ற குரல் அதன் பிறகு யாராலும் மறுக்க முடியாததாகிவிட்டது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்தத் தீயை ஹெட்ச் ஹெட்சி இருந்திருந்தாலும் அணைத்திருக்க முடியாது. தண்ணீர் இல்லாமல் போனதற்குக் காரணம் தெருக்களுக்கு அடியில் குழாய்கள் உடைந்தது. ஏரி எவ்வளவு பெரிதானாலும் உடைந்த குழாயில் வராது. ஆனால் தேர்தல் மேடையில் அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்.

நகரம் இந்தப் பள்ளத்தாக்கின் மேல் கண் வைத்தது பூகம்பத்துக்கும் முன்பே. 1901-லேயே மேயர் ஜேம்ஸ் ஃபீலன் விண்ணப்பம் போட்டிருந்தார், 1903-ல் மத்திய அரசு மறுத்துவிட்டது. பூகம்பத்துக்குப் பிறகு 1908-ல் சம்மதம் கிடைத்தது. எதிர்த்து நின்றவர் ஜான் மியூர். ஸ்காட்லாந்தில் பிறந்து இந்த மலைகளில் நடந்தே வாழ்ந்தவர், சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். புகழ்பெற்ற யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் தங்கை மாதிரி இருந்தது ஹெட்ச் ஹெட்சி. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், அருவிகள், நடுவில் புல்வெளி, அதில் நெளிந்து போகும் ஆறு. தேசியப் பூங்கா என்று அறிவித்த இடத்தையே மூழ்கடிக்கலாம் என்றால் அந்த அறிவிப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார் மியூர். எதிர்ப்பக்கம் கிஃபோர்ட் பின்ஷோ. அவரும் காடுகளைக் காப்பாற்றப் பாடுபட்டவர்தான், ஆனால் இயற்கை வளம் அதிகம் பேருக்குப் பயன்பட வேண்டும் என்ற கட்சி. இரண்டு நல்லவர்கள் மோதிக்கொண்ட வழக்கு என்பதால்தான் இன்றுவரை இதைப் பேசுகிறார்கள். 1913 டிசம்பர் 19 அன்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் ரேக்கர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மியூர் இறந்து போனார்.

பள்ளத்தாக்குக்கு நகரம் கொடுக்கும் வாடகை என்ன தெரியுமா? சட்டத்தில் எழுதியபடி வருடத்துக்கு 30,000 டாலர். இன்றைக்கு அந்த ஊரில் ஒரு சின்ன அபார்ட்மென்ட் அந்த வாடகைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அணையைக் கட்டிய தலைமைப் பொறியாளர் மைக்கேல் ஓ’ஷானெசி. பெயருக்கு முன்னால் இரண்டு ‘எம்’ எழுத்து உண்டு. செலவு ஏறிக்கொண்டே போனதால் அந்த இரண்டு எழுத்துக்கும் ‘இன்னும் பணம்’ என்று ஆங்கிலத்தில் விரிவுரை சொல்லிக் கேலி செய்தார்கள். 1934 அக்டோபரில் தண்ணீர் நகரத்தின் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ஏரிக்கு வந்து சேர்ந்த விழாவுக்கு இரண்டு வாரத்துக்குச் சற்று முன்பு அவர் காலமானார். அணைக்கு அவர் பெயர்தான்.

காலி செய்யச் சொல்கிறவர்களின் தொழில்நுட்ப வாதத்தைப் புரிந்துகொள்ள ஒன்று தெரிய வேண்டும். துவாலமி ஆற்றில் நகரத்துக்கு முன்னாலேயே உரிமை பெற்றவர்கள் கீழே இருக்கும் மொடெஸ்டோ, டர்லாக் பாசன வட்டாரங்கள். ஆற்றின் இயற்கை ஓட்டத்தில் வினாடிக்கு 2,350 கன அடி வரை அவர்களுக்கு. வசந்த காலத்தில் அதற்கும் மேல். அதைத் தாண்டி வருவதைத்தான் நகரம் பிடிக்கலாம். பனி நன்றாக உருகும் மாதங்களில் ஏராளமாகக் கிடைக்கும், வறண்ட வருடத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. இதைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கீழே பாசனக்காரர்களின் டான் பெட்ரோ அணை இருக்கிறது, ஹெட்ச் ஹெட்சியைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல் பெரியது. 1971-ல் அதைக் கட்டும்போது நகரமும் பணம் போட்டது. நல்ல வருடத்தில் நகரம் தன் பங்குத் தண்ணீரை முன்கூட்டியே கீழே இறக்கி அங்கே கணக்கில் வரவு வைக்கும். கெட்ட வருடத்தில், பாசனக்காரர்களுக்குப் போக வேண்டிய தண்ணீரை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அவர்கள் கீழே இருக்கும் நகரத்தின் வரவிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். டான் பெட்ரோவிலிருந்து ஒரு சொட்டும் நகரக் குழாய்க்குப் போவதில்லை. மாறுவது கணக்கு மட்டும்தான்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் கேட்கிறார்கள்: கீழே அவ்வளவு பெரிய அணை இருக்கும்போது மேலே பூங்காவுக்குள் எதற்கு ஒன்று? தண்ணீரைக் கீழேயே பிடித்துக் குழாயில் சேருங்கள், பள்ளத்தாக்கைத் திருப்பிக் கொடுங்கள். 1987-ல் ரேகன் அரசின் உள்துறைச் செயலர் டொனால்ட் ஹோடலே இதைச் சொன்னபோது நகரம் அதிர்ந்து போனது. 2006-ல் மாநில நீர்வளத் துறை போட்ட மதிப்பீடு 300 கோடியிலிருந்து 1,000 கோடி டாலர். 2012-ல் இதற்குத் திட்டம் தீட்டலாமா என்று நகர மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். 77 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

செய்ய முடியாத காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீரின் அளவு பெரிதாகக் குறையாது. ஆனால் உயரம் போய்விடும். உயரம் போனால் கிர்க்வுட் நிலையம் சும்மா நிற்கும், மாக்கசினிலும் உற்பத்தி குறையும். கீழே தேங்குகிற தண்ணீரை வடிகட்டியே ஆக வேண்டும், சில மாதங்களில் இறைத்தும் ஆக வேண்டும். கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்த தண்ணீர் கரண்ட் கேட்கும் தண்ணீராக மாறும். ஓட்டுரிமை இருந்திருந்தால் நானும் 77-ல்தான் இருந்திருப்பேன், ஆனால் பள்ளத்தாக்கு மூழ்குவதற்கு முன் எடுத்த பழைய புகைப்படங்களைப் பார்த்த பிறகு அவ்வளவு சந்தோஷமாகப் போட்டிருக்க மாட்டேன்.

மகளை ஒரு நாள் காரில் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நான்கு மணி நேர ஓட்டம். மே மாதம் நல்லது, அருவிகள் முழு வேகத்தில் இருக்கும். அந்தச் சாலையின் வாசல் ராத்திரியில் மூடிவிடுவார்கள், நேரம் பார்த்துக் கிளம்புங்கள். அணையின் மேல் நடந்து மறுபக்கம் போனால் பாறையைக் குடைந்த ஒரு சுரங்கப் பாதை. உள்ளே இருட்டும் குளிரும், கூரையிலிருந்து சொட்டும். வெளியே வந்ததும் ஏரி முழுசாகத் தெரியும். அங்கிருந்து இரண்டரை மைல் நடந்தால் வபாமா அருவி. குளிக்கலாம் என்று துண்டு எடுத்துப் போகாதீர்கள். ஏரியில் இறங்கக் கூடாது, படகும் விடக் கூடாது. பின்னால் மகள் வீட்டுக் குழாயில் வரப்போகிற தண்ணீர் அது.